சைக்கிளுக்கு நாம் பட்ட கடன்

2022 யூன் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் ஒரு பெற்றோல் செட்டில் தொடங்கிய வரிசை பிரதான வீதியால் வந்து, கோயில் மதிலைச் சுற்றி, ஒரு ஒழுங்கைக்குள் திரும்பி, அதன் முடக்கையும் தாண்டி நின்றது. இரவு பத்து மணி. பௌசர் விடிய வரும் என்றார் ஒருவர். இல்லை, நாளையின்றைக்குத்தான் என்றார் இன்னொருவர். எனக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரர் பின்சீற்றில் காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தார். எனக்குப் பின்னால் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி. வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றி ஸ்கூட்டரின் கால்வைக்கும் தட்டில் வைத்துவிட்டு மதில்கரையில் குந்தியிருந்தாள். ஆஸ்பத்திரி ஊழியருக்கென்று ஒதுக்கிய நாளில் அவளின் முறை வருமுன்னரே பெற்றோல் முடிந்துவிட்டதாம்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓட்டோவடிக்குப் போனாள்.

“அண்ணை, விடியும் மட்டும் என்ரை ஸ்கூட்டியைப் பாத்துக்கொள்ளுறியளோ? வீட்டை போய்ப் பிள்ளைக்குப் பால் குடுத்திட்டு ஓடி வாறன்.”

“போட்டு வாங்கோ பிள்ளை. நான் எங்கை போகப்போறன், ஓட எண்ணெய் இருந்தாத்தானே.”

அவள் நடந்து போனாள். மின்வெட்டு நேரம், வீதியில் ஒரு விளக்கு இல்லை. கைத்தொலைபேசியின் வெளிச்சம் ஒழுங்கையின் முடக்கில் திரும்பி மறையும் வரைக்கும் வரிசையில் நின்ற பலரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்றைக்கு அந்த வரிசை இல்லை. வீதிகள் நிறைந்துவிட்டன. புதுக் கார்களும் வந்துவிட்டன. நெருக்கடியைத் தாண்டிவிட்டோம் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அந்த நாட்களில் நாம் வண்டி ஓட்டிய விதம் எப்படி மாறியது, பிறகு யாருக்கு மட்டும் அது பழையபடி திரும்பியது என்று இந்த நாடு ஒரு தடவையாவது கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அதனால் இந்தத் தலையங்கம் கேட்கிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019 டிசம்பரில் பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள். திறைசேரியின் வருமானம் விழுந்தது. கொரோனா வந்து உல்லாசப் பயணிகளும் இல்லாமற் போக, கையிருப்பு டொலர் கரைந்தது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். 203 ரூபாயளவில் பிடித்து வைத்திருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. எண்ணெய்க் கப்பல் வந்து கடலில் நின்றாலும் அதற்குக் கொடுக்கக் காசில்லை. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல், மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, யூன் கடைசியில் 470 என்று ஏறியது. ஆண்டின் தொடக்கத்தில் 17 ரூபாயாக இருந்த ஆகக் குறைந்த பஸ் கட்டணம் யூலையில் 40 ரூபாய். ஏப்ரலில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஒருமுறைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பெற்றோல் அடிக்கக்கூடாது என்றார்கள். மூன்று லீற்றர்கூட வராது. யூன் 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறெவருக்கும் இரண்டு கிழமைக்கு எரிபொருளே இல்லை என்று கையை விரித்தார்கள்.

அந்த மாதங்களில் வாகனம் ஓட்டும் பழக்கம் அடியோடு மாறியது. காலையில் திறப்பைக் கையில் எடுக்குமுன் ஒரு கணக்கு ஓடியது: சந்தை, வங்கி, பிள்ளையின் ரியூசன், மூன்றையும் ஒரு சுற்றில் முடிக்கலாமா? முடியாதென்றால் எதை விடுவது? டாங்கியின் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, உள்ளே எண்ணெய் அடிபடும் சத்தத்தைக் கொண்டு எத்தனை கிலோமீற்றர் போகலாம் என்று அளந்தோம். ரிசேர்வும் முடிந்து நடுவழியில் நின்ற மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் சரித்துக் கிடத்தினால், டாங்கியின் வலப்பக்கத்தில் தேங்கிக் கிடக்கும் கடைசிச் சொட்டுகள் இந்தப் பக்கம் வழிந்து வரும். அதை வைத்து ஸ்ராட் எடுத்து வீடு போய்ச் சேரலாம். அதைச் செய்யத் தெரியாத பதினாறு வயதுப் பையன் அந்த யூனில் எங்கள் ஊரில் இருந்திருக்கமாட்டான். சமிக்ஞை விளக்கில் எஞ்சினை நிறுத்தினோம். எண்பதில் பறந்த பெடியள் நாற்பதில் போனார்கள், நாற்பதில் போனால் எண்ணெய் தாங்கும் என்பதற்காக. காரில் தனியே ரவுணுக்குப் புறப்பட்டவர் பக்கத்து வீட்டுப் படலையடியில் நிறுத்தி, ஆராவது வாறியளோ என்று கேட்டார். அப்படிக் கேட்பதை நாங்கள் எத்தனை வருடத்துக்கு முன் விட்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு அதுவும் ஓய்ந்தது. கார்கள் போர்ட்டிக்கோவில் கிடந்தன. வேப்பஞ்சருகு விழுந்து முன்கண்ணாடியை மூடியது. கொட்டிலுக்குள் தலைகீழாகத் தொங்கிய அப்புவின் ரலிச் சைக்கிளை இறக்கினார்கள். எங்கள் சந்தியில் சைக்கிள் திருத்தும் கிழவர், பத்து வருடமாக ஒட்டுப்போடுவதைத் தவிர வேறு வேலை வராதவர், விடிய ஐந்து மணிக்குக் கடை திறந்தார். துருப்பிடித்த பிறீவீலை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி கம்பியாகத் தட்டி றிம் நிமிர்த்தினார். பிறகு ரயரும் ரியூபும் இல்லாமற் போயின. அவையும் டொலர் கொடுத்து வாங்கும் சாமான்தானே. புதுச் சைக்கிள் கூலிவேலை செய்கிறவனுக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. பலாலி வீதியில் காலை ஏழு மணிக்கு, ஹோர்ன் இல்லாமல், சைக்கிள் மணிச் சத்தம் மட்டும் கேட்டது. வங்கி உத்தியோகத்தர்கள் காற்சட்டை விளிம்பைச் செருகிக்கொண்டு போனார்கள். ஆசிரியைகள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் நடந்த நாட்களில் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு சைக்கிள் என்று ஏறினார்கள்.

நடுவயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்தாருக்கு இந்தக் காட்சி ஒன்றும் புதிதில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில், வடக்குக்கு வரக்கூடாத பொருட்களில் பெற்றோலும் ஒன்று. மொறிஸ் மைனரும் ஏ-40உம் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலின் மூடியில் துளை போட்டு, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சி எஞ்சினை எழுப்புவார்கள். சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணைப் பிடுங்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனையோ. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு போரில் வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, கரியரில் அரிசி மூட்டையும் பாரில் பிள்ளையும் ஹான்டிலில் தண்ணிக் குடமுமாக மழைக்குள் நகர்ந்தது சைக்கிள்தான். அந்தத் தலைமுறையை உயிரோடு கரைசேர்த்த வாகனம் அது. 2022இல் வித்தியாசம் ஒன்றுதான். இம்முறை கொழும்பும் கண்டியும் காலியும் எங்களோடு சேர்ந்து வரிசையில் நின்றன.

இனித் தீர்ப்புக்கு வருவோம்.

அந்த நாட்களில் ஒரு பேச்சு கிளம்பியது. மக்கள் சிக்கனம் பழகிவிட்டார்கள், உடம்புக்கும் நல்லது, காற்றும் சுத்தமாகிவிட்டது, கெட்டதிலும் ஒரு நன்மை என்று. பத்திரிகைகளிலும் வந்தது, எங்கள் பக்கங்களிலும் வந்தது. அது பிழை. அப்போதே அதைப் பிழை என்று சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. சிக்கனம் என்ற சொல் தெரிவு உள்ளவனுக்கு உரியது. வீட்டில் கார் இருக்க, டாங்கியில் அரைவாசி எண்ணெய் இருக்க, நடந்து போகிறவன் சிக்கனக்காரன். பிள்ளைக்குப் பால் கொடுக்க இருட்டில் நடந்து போன தாயிடமிருந்து ஒரு வசதியைப் பிடுங்கிவிட்டு, அவள் நல்ல பழக்கம் பழகிவிட்டாள் என்று மெச்சுவது மனச்சாட்சி உள்ளவர் செய்யும் வேலையில்லை.

வரிசைகளில் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மார்ச்சில் முதலில் விழுந்தவர்கள் எழுபது வயதைத் தாண்டிய முதியவர்கள். அடுத்த சில நாட்களில் பெற்றோல் செட்டுகளுக்கு இராணுவத்தை அனுப்பினார்கள். ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எண்ணெய் விலையை எதிர்த்து வீதிக்கு வந்தவர்கள் மீது பொலிஸ் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். யூன் 18ஆம் திகதி முல்லைத்தீவு விசுவமடுவில் எரிபொருள் வரிசையடியில் இராணுவம் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது, ஆட்கள் காயப்பட்டார்கள். மே மாதத்தில் பதுளை மாவட்டத்து ஹல்தும்முல்லயில், பிறந்து இரண்டு நாளான ஒரு சிசுவுக்கு மஞ்சட்காமாலை. ஓட்டோவுக்குப் பெற்றோல் தேடித் தகப்பன் அலைந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது காலம் கடந்திருந்தது. அந்த ஓட்டோ ஓடவேண்டியிருந்த தூரத்துக்கு ஒரு லீற்றரோ இரண்டு லீற்றரோ போதுமாயிருந்திருக்கும். இதற்குப் பிறகும் எந்த வாயால் அதை நல்ல பாடம் என்று சொல்வது?

யூலை நடுவில், எரிபொருளைப் பங்கிடும் கியூ ஆர் முறை அறிமுகமாகி, ஓகஸ்டில் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. ஒரு கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அந்த முறை நல்லது என்று தயங்காமல் சொல்லலாம். வரிசைகளைச் சில கிழமைகளில் கரைத்தது. மந்திரியின் சொந்தக்காரனும் மீன் விற்கிறவனும் ஒரே திரையின் முன்னால் தொலைபேசியை நீட்டவேண்டி வந்தது. அதை ஆறு மாதம் முந்திச் செய்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்பது அரசாங்கம் இன்னும் பதில் சொல்லாத கேள்வி. ஆனால் அந்த அளவுகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வாடகைக்கு ஓடும் ஓட்டோ லீற்றருக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் தரும் என்றே வைப்போம். ஐந்து லீற்றருக்கு 125 கிலோமீற்றர். ஒரு நாளைக்குப் பதினெட்டுக்கும் குறைவு. அதற்குள் அவன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, சந்தைக்காரியின் மூட்டையை ஏற்றி, லீசிங் காசு கட்டி, வீட்டில் உலை வைக்கவேண்டும். அதே கிழமை, வீட்டிலிருந்து கந்தோருக்கும் கந்தோரிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடும் காருக்கு இருபது லீற்றர். வாடகை ஓட்டோக்களுக்குப் பிறகு அளவைக் கூட்டினார்கள்தான். முதற்கணக்குப் போட்டவரின் கண்ணுக்கு, வயிற்றுப்பாட்டுக்கு ஓடுகிறவனும் சொகுசுக்கு ஓடுகிறவனும் வெறும் எஞ்சின் அளவாகத் தெரிந்திருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவனின் கதை இதைவிடக் கொடுமை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. குருநகரிலும் மயிலிட்டியிலும் படகுகள் கரையில் கிடந்தன.

அரசாங்கத்தைச் சொல்லிவிட்டு எங்களைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்து நேர்மையானதாகாது. ஒரு லீற்றர் பெற்றோலை இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்றவர்கள் வேற்றூரிலிருந்து வந்தவர்கள் இல்லை. எங்கள் ஒழுங்கைக்காரர், எங்கள் கோயில் உபயகாரர். இரவில் டாங்கிக்குள் ரியூப் விட்டு உறிஞ்சிக்கொண்டு போனவன் எங்கள் ஊர்ப் பெடியன். பகல் முழுக்க ஐந்நூறு பேர் வெயிலில் நிற்க, பின்வாசலால் கானில் வாங்கிக்கொண்டு போன பெரிய மனிதரைக் கண்டும், நாளைக்கு அவரிடம் ஒரு காரியம் ஆகவேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். கியூ ஆர் வந்தபிறகு, பத்து வருடமாகக் கோழிக்கூடாகக் கிடந்த பழைய காரின் பதிவுப் புத்தகத்தைத் தேடியெடுத்து, அதன் பெயரில் கிழமைக்கு இருபது லீற்றர் எடுத்து விற்றவர்களும் உண்டு. அவர்கள் எடுத்த ஒவ்வொரு லீற்றரும், எங்கோ ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றப் போகாமல் நின்ற ஓட்டோவின் லீற்றர். கஷ்டகாலத்தில் எல்லோரும் செய்ததுதானே என்பது சாட்டு. எல்லோரும் செய்யவில்லை. அந்த இரவில் எனக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரர் செய்யவில்லை.

பெரிய பொறுப்பாளிகள் யார் என்று நீதிமன்றம் சொல்லியாயிற்று. 2023 நவம்பர் 14ஆம் திகதி, கோத்தாபய, மகிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும் அன்றைய நிதி அதிகாரிகளும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் மக்கள் தங்கள்மேல் வைத்த நம்பிக்கையை மீறினார்கள், பொருளாதாரம் வீழ்ந்ததற்கு அவர்கள் பொறுப்பு என்று உயர்நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இந்த நாட்டின் நீதித்துறைக்குப் பெருமை. தண்டனை என்று பார்த்தால், மனுதாரருக்கு வழக்குச் செலவாக ஒன்றரை இலட்சம் ரூபாய். வரிசையில் செத்தவரின் வீட்டுக்கு ஒரு சதம் போகவில்லை. வேலைக்குப் போகமுடியாமல் நாட்சம்பளம் இழந்தவனுக்கும் இல்லை. பொறுப்பாளி என்று எழுதப்பட்டவர் தன் வாகனத்தில் ஏறி வீட்டுக்குப் போனார். அந்த வாகனத்துக்கு எண்ணெய் இல்லாத நாள் ஒன்று இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை.

2023 செப்டெம்பர் முதலாம் திகதி கியூ ஆர் முறையை எடுத்தார்கள். 2020 மார்ச்சிலிருந்து நின்றுபோயிருந்த வாகன இறக்குமதியைத் தனியாருக்கு 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். வசதியுள்ளவனின் பழக்கம் ஒரு நாளில் பழையபடி திரும்பியது. அரைக் கிலோமீற்றர் தூரத்துக் கடைக்குக் கார். ரியூசன் வாசலில் ஒரு பிள்ளைக்கு ஒரு ஜீப், எஞ்சின் ஓட ஓட, ஏசியும் போட்டபடி. படலையடியில் நிறுத்திப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிற வழக்கம் போய்விட்டது. இப்போது கேட்டால் ஏதோ கடன் கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். நாற்பதில் போன பெடியள் நூறில் போகிறார்கள். இந்த நாட்டின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள். அதில் பெரும்பங்கு நடந்தும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிற எளிய சனம்.

ஆனால் எல்லோரும் பழைய பழக்கத்துக்குத் திரும்பவில்லை. 2019இல் நூற்றுக்குப் பதினொருவரளவில் வறுமைக்குள் இருந்த நாட்டில், நெருக்கடிக்குப் பிறகு ஏறத்தாழக் கால்வாசிப் பேர் அதற்குள் விழுந்துவிட்டார்கள் என்று உலக வங்கி கணக்கிட்டது. அவர்களில் எத்தனையோ பேர் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார்கள். அல்லது தவணை கட்டமுடியாமல் பறிகொடுத்தார்கள். 2022 யூனில் சைக்கிளில் ஏறிய இரண்டு சாராரில் ஒருசாரார் சில மாதத்தில் இறங்கிக் காருக்குள் போய்விட்டார்கள். மறுசாரார் இன்னமும் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை வேலை முடிந்து பொழுதுபடப் புறப்படும் பெண்பிள்ளைகள் ஏ-9 வீதியின் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே, மண்ணும் கல்லுமான விளிம்பில், ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். கொழும்புக்குப் போகும் சொகுசு பஸ் அவர்களின் முழங்கையை உரசிக்கொண்டு போகிறது. காப்பெற் போட்ட வீதி அகலமானது காருக்காக. கரையில் சைக்கிளுக்கு விடப்பட்டது வடிகான்.

இந்தப் பத்திரிகையின் தீர்ப்பு இதுதான்: நெருக்கடியின் சுமையைத் தூக்கியவர்களுக்கு நெருக்கடி தீர்ந்தபின் வீதியில் இடம் கொடுக்காமல் விட்டது அநியாயம். அது அரசாங்கத்தின் அநியாயம் மட்டுமில்லை. ஹோர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர்களைக் கரைக்கு ஒதுக்கும் ஒவ்வொருவரின் அநியாயமும்தான். அந்த யூனில் அதே வீதியில் அதே சைக்கிளில் போனவர்கள் நாங்கள். பின்னால் ஒரு ஜீப் வந்தால் முதுகு எப்படிக் கூசும் என்று தெரிந்தவர்கள். தெரிந்துகொண்டு செய்வதால் குற்றம் கூடுகிறது.

திருத்த வழியில்லாத காரியம் இல்லை. வீதி அபிவிருத்தி அதிகார சபை இனிக் காப்பெற் போடும் ஒவ்வொரு பிரதான வீதியிலும் சைக்கிளுக்குத் தனிக்கரை விடவேண்டும். தரைமட்டத்துக்குச் சமமாக, கல்லில்லாமல், விளக்கோடு. யாழ்ப்பாணம் மட்டமான மண்; மேடு பள்ளம் இல்லாத இந்தக் குடாநாட்டில் சைக்கிள் வழி போடமுடியாது என்று எந்தப் பொறியியலாளரும் சொல்லமுடியாது. இரவு ஏழு மணிக்குப் பிறகு உள்ளூர் வீதிகளில் பஸ் ஓடவேண்டும். இருட்டினால் பஸ் இல்லாத ஊரில், கடன்பட்டாவது மோட்டார் சைக்கிள் வாங்கு என்று அரசே பெடியளுக்குச் சொல்லுகிறது. எரிபொருள் பங்கீட்டுக்கான திட்டத்தை, தொழிலுக்கு ஓடுகிறவனுக்கு முதலிடம் என்ற திருத்தத்தோடு, தட்டில் தயாராக வைத்திருக்கவேண்டும். கப்பல் நின்றபிறகு கணக்குப் போடத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டோம். வாகன இறக்குமதியால் வரும் வரியில் ஒரு பங்கை இவற்றுக்கென்று ஒதுக்கிச் சட்டம் இயற்றுவது பாராளுமன்றத்துக்கு ஒரு பிற்பகல் வேலை. வடக்கிலிருந்து போன உறுப்பினர்கள் அந்தப் பிரேரணையைக் கொண்டுவரட்டும். அவர்களுக்கு வாக்குப் போட்டவர்களில் பலர் வாக்குச்சாவடிக்கு வந்தது சைக்கிளில்.

வீட்டிலும் ஒரு காரியம் உண்டு. சைக்கிளில் வரும் மாப்பிள்ளையை இல்லாதவன் என்று கணக்குப் போடுவதை விடுவோம். உயர்தரம் சித்தியடைந்ததும் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுக்காவிட்டால் மானம் போய்விடும் என்று வெளிநாட்டுக் காசைக் கேட்டு வாங்குவதையும் விடுவோம். அந்த மானத்துக்காக நாங்கள் எத்தனை பிள்ளைகளைச் சுடலைக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்பது ஊரூராகத் தெரியும்.

அந்த இரவுக்குத் திரும்புகிறேன். வரிசை நாலைந்து தடவை முன்னால் நகர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த ஓட்டோக்காரர் இறங்கி, எஞ்சினைப் போடாமல் தன் ஓட்டோவைத் தள்ளினார். பிறகு பின்னால் வந்து அந்தப் பிள்ளையின் ஸ்கூட்டியையும் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். கால்தட்டில் இருந்த வெள்ளைச் சப்பாத்து விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். விடிய நாலரைக்கு அவள் வந்தபோது ஸ்கூட்டி இருபது முப்பது யார் முன்னால் நின்றது. அவள் தன் ஸ்கூட்டியைக் காணாமல் ஒரு கணம் பதறினாள். “இஞ்சை நிக்குது பிள்ளை” என்று அவர் கையைக் காட்டினார்.

இப்போது அவரிடம் ஓட்டோ இல்லை. அடுத்த வருடம் லீசிங் கொம்பனி எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு சீமெந்துக் கடையில் மூட்டை இறக்குகிறார்; வேலைக்குப் போவது சைக்கிளில். போன மாதம் பொழுதுபடும் நேரம் கண்டேன். மருதனார்மடம் தாண்டி, காங்கேசன்துறை வீதியின் கரையில், ஒரு காலை மதகுக் கட்டில் ஊன்றிக்கொண்டு நின்றார். பின்னால் நீள ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்த புது ஜீப் ஒன்று தாண்டிப் போகும் வரைக்கும் நின்றார். பிறகு பெடலை மிதித்து வீதியில் ஏறினார். பின் மட்காட்டில் விளக்கு இல்லை. ஓட்டோவிலிருந்து கழற்றி வைத்த சிவப்பு றிவ்ளெக்ரர் ஒன்றைக் கம்பியால் கட்டியிருந்தார்.